லாமா தீவு: திரும்பும் படகை முதலில் பாருங்கள்

ஹாங்காங்கில் எங்கள் வீட்டுக்கு ஊரிலிருந்து யார் வந்தாலும் மூன்றாம் நாள் லாமா தீவுக்குக் கூட்டிப் போவது வழக்கம். முதல் நாள் தூக்கத்தில் போய்விடும். இரண்டாம் நாள் விக்டோரியா சிகரம், டிராம், கடைத்தெரு. அதற்குள் அண்ணாந்து பார்த்தே எல்லாருக்கும் கழுத்து வலி வந்திருக்கும். மூன்றாம் நாள் காலையில் "இன்னைக்கு எங்கே?" என்று கேட்டால், "காரே இல்லாத ஊருக்கு" என்பேன். "அப்ப எப்படிப் போறது?" என்பதுதான் இதுவரை எல்லாரும் கேட்ட அடுத்த கேள்வி.

படகில் போவோம், இறங்கி நடப்போம், சாப்பிடுவோம், மறுபடி படகு. அவ்வளவுதான். ஆனால் இந்த நாலு வரியில் எங்கெங்கே சறுக்கும் என்று பதினொரு வருஷமாகச் சறுக்கியே தெரிந்துகொண்டிருக்கிறேன். அதைத்தான் எழுதுகிறேன்.

லாமா ஹாங்காங்கின் மூன்றாவது பெரிய தீவு. சுமார் 13.5 சதுர கிலோமீட்டர். கார், பஸ், டாக்ஸி எதுவும் கிடையாது. சிமெண்ட், கேஸ் சிலிண்டர், பீர் பெட்டி எல்லாவற்றையும் கட்டிலை விடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும் குட்டி வண்டிகள் இழுத்துக்கொண்டு போகும். தீயணைப்பு வண்டியும் ஆம்புலன்ஸும்கூட அதே அளவுதான், பொம்மைக் கடையில் வாங்கியது போல இருக்கும். வீடுகள் மூன்று தளத்துக்கு மேல் எழும்பாது. படகேறி அரைமணி நேரத்தில் ஐம்பது மாடிகளிலிருந்து மூன்று தளத்துக்கு வந்துவிடுகிறோம். வருகிறவர்கள் முதலில் உணர்வது இதைத்தான். பேசும் குரல்கூடத் தானாகத் தணிந்துவிடும்.

தீவில் முக்கியமாக இரண்டு ஊர்கள். வடக்கே யுங் ஷூ வான், தெற்கே சோக் க்வு வான். 'யுங் ஷூ' என்றால் ஆலமரம், 'வான்' என்றால் விரிகுடா. நம் ஆட்கள் பேர் வைத்திருந்தால் ஆலந்துறை என்று முடித்திருப்பார்கள். சோக் க்வு என்பது ஒருவகை வலையின் பெயர். அதுதான் மீன்பிடி ஊர். இரண்டையும் இணைத்து மலை மேல் ஏறி இறங்கும் சிமெண்ட் நடைபாதை ஒன்று இருக்கிறது, ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர். நிற்காமல் நடந்தால் ஒன்றரை மணி நேரம். ஆனால் யாரும் நிற்காமல் நடப்பதில்லை.

சரி, இப்போது தலைப்புக்கு வருகிறேன். ஹாங்காங் தீவின் சென்ட்ரல் பகுதியில் உள்ள நான்காம் எண் படகுத்துறையிலிருந்து இரண்டு ஊர்களுக்கும் தனித்தனிப் படகு. யுங் ஷூ வானுக்கு அரைமணிக்கும் குறைவான பயணம், படகும் அடிக்கடி உண்டு. சோக் க்வு வானுக்கு நாற்பது நிமிடம் போல ஆகும். சிக்கல் நேரத்தில் இல்லை, இடைவெளியில்தான். ஒன்றை விட்டால் அடுத்ததற்கு ஒன்றரை மணி, இரண்டு மணி நேரம்கூடக் காத்திருக்க வேண்டிவரும். அதனால் துறையில் ஏறும்போதே, சோக் க்வு வானிலிருந்து திரும்பும் படகுகளின் நேரப் பலகையைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். திங்கள் முதல் சனி வரை ஒரு அட்டவணை, ஞாயிறும் பொது விடுமுறையும் வேறு அட்டவணை. எது இன்றைக்கு உரியது என்று பார்த்து எடுங்கள். நான் ஒருமுறை ஞாயிற்றுக்கிழமை அட்டவணையை நம்பி வியாழக்கிழமை போனவன்.

அத்தையோடு போனபோது நேரமெல்லாம் சரியாகத்தான் தெரியும். தூத்துக்குடியில் மீனவர் தெருவிலேயே பிறந்து வளர்ந்தவர் அவர், அறுபத்தெட்டு வயது. படகுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது மீன் தொட்டி ஒன்றின் முன்னால் நின்றுவிட்டார். "ஏல, இது நம்ம களவாதான்ல?" என்றார். "ஆமா அத்தை, வாங்க, படகு வந்துரும்" என்றேன். "இரு. எவ்வளவு சொல்றான்னு கேளு." கேட்டேன். டாலரைப் பத்தால் பெருக்கிப் பார்த்தார். "இந்த விலைக்கு நம்ம ஊர்ல வள்ளத்தையே வாங்கலாம்" என்று கடைக்காரரிடமே தமிழில் சொன்னார். அவர் கான்டனீஸ் சீனத்தில் ஏதோ சொல்லிச் சிரித்தார், அத்தையும் சிரித்தார். அதற்குள் படகு கயிற்றை அவிழ்த்துவிட்டது. கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் துறையிலேயே உட்கார்ந்திருந்தோம்.

அப்படி மாட்டிக்கொண்டால் ஒரு மாற்று வழி உண்டு. சோக் க்வு வானிலிருந்து ஹாங்காங் தீவின் தென்கரையில் உள்ள அபர்தீனுக்கும் சின்னப் படகு போகிறது. அந்த நேரத்தையும் படம் எடுத்து வையுங்கள். அபர்தீனில் இறங்கினால் பஸ் இருக்கிறது. பெரிய கடலுணவுக் கடை ஒன்று தன் வாடிக்கையாளர்களுக்குச் சொந்தமாகப் படகு விடுகிறது, அங்கே சாப்பிட்டால் மேஜையிலேயே கேட்டுக்கொள்ளலாம்.

எந்தப் பக்கம் ஏறி எந்தப் பக்கம் இறங்குவது என்பதில் ஆளுக்கொரு கட்சி. நான் வடக்குக் கட்சி. யுங் ஷூ வானில் இறங்கி, தெற்கே நடந்து, சோக் க்வு வானில் சாப்பிட்டுத் திரும்புவேன். காரணம் வயிறுதான். இரண்டு மணி நேரம் நடந்து, கடலில் ஒரு முக்குப் போட்டுவிட்டு மீன் சாப்பிட உட்காருவதற்கும், மீனைச் சாப்பிட்டுவிட்டு மலை ஏறுவதற்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லித் தெரியவைக்க வேண்டியதில்லை. கைக்குழந்தையோ முட்டி வலிக்காரரோ கூட இருந்தால் மலையே வேண்டாம். யுங் ஷூ வானில் இறங்கி, முதல் கடற்கரை வரை போய்விட்டு அதே ஊருக்குத் திரும்புங்கள். அங்கேதான் படகு அடிக்கடி கிடைக்கும், சாப்பாடும் கிடைக்கும். அத்தை மலையேறினார் என்பதை வைத்து உங்கள் அத்தையையும் ஏறச் சொல்லாதீர்கள்.

கிளம்பும் நாளைப் பற்றி இரண்டு வரி. ஞாயிறு வேண்டாம். டிக்கெட் கூடுதல், கூட்டமும் கூடுதல், அமைதியைத் தேடி வந்தவர்கள் வரிசையில் நடப்பார்கள். அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் வரை நடப்பதற்குப் பிரமாதம். ஜூன், ஜூலையில் வெயிலும் புழுக்கமும் நம் ஊர்க் கத்திரியை நினைவூட்டும். மலைப் பாதையின் நடுப்பகுதியில் நிழல் கிடையாது. கோடையில் புயல் எச்சரிக்கையையும் பார்த்துக் கிளம்புங்கள். எட்டாம் எண் புயல் சின்னம் ஏற்றினால் படகு நின்றுவிடும். தீவில் மாட்டிக்கொண்டால் மாட்டிக்கொண்டதுதான், வேறு வழி கிடையாது.

இந்தியப் பாஸ்போர்ட்டில் வருகிறவர்கள் ஊரிலிருந்து கிளம்பும் முன்பே ஆன்லைனில் வருகைக்கு முந்தைய பதிவைச் செய்து, அந்தத் தாளை அச்செடுத்துக் கொண்டுவர வேண்டும். அதற்குக் காசு கிடையாது, 14 நாள் வரை தங்கலாம். இதைச் செய்யாமல் சென்னை விமான நிலையத்தில் நின்றுகொண்டு எனக்குப் போன் செய்த நண்பன் ஒருவன் உண்டு.

மெட்ரோவில் 'ஹாங்காங்' என்ற நிலையத்தில் இறங்கி ஏ2 வாசல் வழியாக வெளியே வந்தால் படகுத்துறைகள் பக்கம். கையில் ஆக்டோபஸ் கார்டு (முன்கூட்டியே பணம் போட்டு வைக்கும் பயண அட்டை) இருந்தால் தட்டிவிட்டு உள்ளே போகலாம், டிக்கெட் வரிசை இல்லை. படகில் போகும்போது இடது பக்க ஜன்னலோரம் பிடியுங்கள். ஹாங்காங் தீவின் மேற்குக் கரை முழுக்க, கட்டடங்கள் மெல்லக் குறைந்து பச்சையாக மாறுவதைப் பார்த்துக்கொண்டே போகலாம். உள்ளே ஏசி கொல்லும். ஒரு துண்டோ சால்வையோ இருக்கட்டும்.

யுங் ஷூ வானில் இறங்கியதும் கண்ணில் படுவது சைக்கிள்தான். நூற்றுக்கணக்கில், ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து, துருப்பிடித்துக் கிடக்கும். எல்லாம் வேலைக்குப் போனவர்கள் விட்டுவிட்டுப் போனவை. வாடகைச் சைக்கிள் என்று நினைத்து ஒன்றையும் தொடாதீர்கள். இந்த நடைக்குச் சைக்கிள் தேவையும் இல்லை, ஏற்றத்தில் நீங்கள்தான் அதைத் தூக்க வேண்டிவரும்.

ஊருக்குள் ஒரே தெரு, அதுவும் ஆறடி அகலம். பின்னால் டுக் டுக் என்று சத்தம் கேட்டால் சுவரோரம் ஒதுங்குங்கள், குட்டி வண்டிக்காரர்கள் அவசரத்தில் இருப்பார்கள். கருவாட்டுக் கடை வாசலில் அத்தை மூச்சை இழுத்துவிட்டு, "வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கு" என்றார். விமான நிலையத்திலிருந்து அதுவரை எதற்கும் அவர் அப்படிச் சொல்லவில்லை. நடிகர் சௌ யுன் ஃபாட் 1955இல் பிறந்தது இந்தத் தீவில்தான் என்று சொல்லிப் பார்த்தேன். அத்தை கருவாட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

தண்ணீர், பணம், கழிவறை, இந்த மூன்றையும் இந்தத் தெருவிலேயே முடித்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், கோடையில் இரண்டு. ரொக்கம் கொஞ்சம் கட்டாயம். சின்னக் கடைகளில் கார்டை நீட்டினால் சிரிப்பார்கள். கொசு மருந்தையும் இங்கேயே பூசிவிட்டுக் கிளம்புங்கள்.

ஊரைத் தாண்டியதும் வாழை மரங்களும் காய்கறிப் பாத்திகளும். வழியில் தௌ ஃபூ ஃபா விற்பார்கள். சோயா பாலை உறையவைத்து, மேலே சர்க்கரைப் பாகு ஊற்றிக் கொடுப்பது. கட்டித் தயிரை விட மெது, கரண்டி வைத்தால் வழுக்கும். சூடாகவும் கிடைக்கும், குளிர்ச்சியாகவும் கிடைக்கும். நடைக்கு முன் குளிர்ந்ததைச் சாப்பிடுங்கள். சைவக்காரர்களுக்கு இந்தத் தீவில் யோசிக்காமல் சாப்பிடக்கூடிய பொருள் இது ஒன்றுதான் என்று சொல்லலாம்.

துறையிலிருந்து இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் ஹுங் ஷிங் யே கடற்கரை. நல்ல மணல், சுறா வலை கட்டிய நீச்சல் பகுதி, உடை மாற்றும் அறை, ஷவர் எல்லாம் உண்டு. ஏப்ரல் முதல் அக்டோபர் வரை உயிர்காப்பாளர்கள் இருப்பார்கள். சிவப்புக் கொடி பறந்தால் கடலில் இறங்கக் கூடாது. அலை நம் ஊர் அலை போல ஆளைப் புரட்டாது, விரிகுடா என்பதால் தொட்டித் தண்ணீர் போல இருக்கும். சுடிதாரோடு இறங்கலாமா என்று தங்கை கேட்டாள். யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். ஆனால் ஈரத் துணியோடு அடுத்த ஒரு மணி நேரம் மலை ஏறினால் தொடை உரசிப் புண்ணாகும். மாற்று உடை எடுத்துப் போங்கள்.

மணலில் படுத்துக்கொண்டு வலது பக்கம் திரும்பினால் மூன்று பெரிய புகைபோக்கிகள் தெரியும். 1982இலிருந்து ஓடும் மின் நிலையம். புகைபோக்கி ஒவ்வொன்றும் 215 மீட்டர் உயரம். ஹாங்காங் தீவின் விளக்கெல்லாம் இங்கிருந்துதான் எரிகிறது. வெளிநாட்டுப் பயணிகள் பலர் இதைப் பார்த்து முகம் சுளிப்பார்கள். தூத்துக்குடிக்காரனுக்குக் கடலும் அனல்மின் நிலையமும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதுதான் இயல்பு. "நம்ம தெர்மல் மாதிரியே இருக்குல்ல" என்று அத்தை துண்டை விரித்துப் படுத்துவிட்டார்.

இங்கேயே நாளைக் கழித்துவிடாதீர்கள். இதற்கு அடுத்தது லோ சோ ஷிங் என்ற இன்னொரு கடற்கரை. முக்கியப் பாதையிலிருந்து பிரிந்து கொஞ்சம் கீழே இறங்க வேண்டும். அந்த இறக்கத்துக்குப் பயந்தே பாதிப் பேர் போவதில்லை, எனக்கு அது வசதி. சின்னக் கடற்கரை, பின்னால் மரங்கள். ஒரு புதன்கிழமை மதியம் நானும் என் மகளும் மட்டும் அங்கே இருந்தோம், உயிர்காப்பாளரைத் தவிர. அவர் எங்களைவிட நண்டுகளைத்தான் அதிகம் கவனித்துக்கொண்டிருந்தார்.

இரண்டு கடற்கரைக்கும் நடுவில்தான் ஏற்றம். படி, சரிவு, மறுபடி படி. மேலே ஒரு சின்ன மண்டபம் இருக்கும். உட்கார்ந்து தண்ணீர் குடியுங்கள். சாதாரண ரப்பர் செருப்பில் இதை முடித்தவர்களைப் பார்த்திருக்கிறேன், இறக்கத்தில் திட்டிக்கொண்டே வருவார்கள். பின்பட்டை வைத்த செருப்பாவது வேண்டும். பாதையை விட்டுப் புதருக்குள் இறங்காதீர்கள். இந்தத் தீவில் பாம்பு உண்டு.

தீவின் தென்கோடியில் ஷாம் வான் என்று ஒரு கடற்கரை வரைபடத்தில் அழகாகத் தெரியும். பச்சை ஆமைகள் முட்டையிடும் இடமாகப் பாதுகாக்கப்படுவது அது. ஏப்ரல் முதல் அக்டோபர் வரை உள்ளே போகத் தடை, மீறினால் அபராதம். ஆமையைப் பார்க்கலாமே என்று ஆசைப்பட்டுப் போகாதீர்கள்.

சோக் க்வு வானை நெருங்கும்போது பாதையோரம் சில குகைகள். ஜப்பானியர் ஆக்கிரமிப்புக் காலத்தில் தற்கொலைத் தாக்குதல் படகுகளை ஒளித்து வைக்கக் குடைந்தவை, கடைசிவரை பயன்படவில்லை. உள்ளே ஒன்றுமில்லை, இருட்டுதான். இரண்டு நிமிடம் போதும்.

அதைத் தாண்டியதும் விரிகுடா திறக்கும். தண்ணீர் மேல் கட்டம் கட்டமாக மரச்சட்டங்கள் மிதக்கும், பீப்பாய்களைக் கட்டி மிதக்கவிட்டவை. ஒவ்வொரு கட்டத்துக்குக் கீழும் வலைக் கூண்டு, அதற்குள் மீன் வளர்க்கிறார்கள். சட்டத்தின் மேலேயே ஒரு தகரக் குடிசை, ஒரு நாய். ஆள் ஒருவர் அரையடி அகலப் பலகையில் வாளியோடு நடந்து போய்த் தீனி வீசினார், அந்தக் கட்டத்துத் தண்ணீர் மட்டும் கொதிப்பதுபோலத் துள்ளியது. அத்தை அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "கடலுக்குப் போகாம வீட்டுக்குப் பின்னால கோழி வளக்குற மாதிரில்ல இருக்கு" என்றார். பாராட்டா குறையா என்று தெரியவில்லை.

கரையில் தின் ஹாவ் கோயில். கடலுக்குப் போகிறவர்களைக் காக்கும் தெய்வம். பனிமய மாதாவின் ஊர்க்காரருக்கு நான் விளக்கிச் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. சேலைத் தலைப்பை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு அத்தை உள்ளே போய்விட்டார்.

இனி சாப்பாடு. இங்கேதான் பணமும் போகும், அதனால் நிதானமாகச் சொல்கிறேன். கரையோரம் வரிசையாகக் கடலுணவுக் கடைகள், வாசலில் தொட்டிகள், உயிரோடு மீன். நீங்கள் விரலைக் காட்டுவீர்கள், அவர் வலையில் அள்ளி எடை போடுவார். பலகையில் எழுதியிருக்கும் விலை கிலோவுக்கு அல்ல, கேட்டிக்கு. ஒரு கேட்டி சுமார் 605 கிராம். இது தெரியாமல் முதல் தடவை நான் 180 என்ற எண்ணைப் பார்த்து, ஒன்றேகால் கிலோ மீன் 220 டாலரை ஒட்டி வரும் என்று கணக்குப் போட்டு உட்கார்ந்தேன். மீனுக்கு மட்டும் 370க்கு மேல் பில் வந்தது. கடைக்காரரிடம் கொஞ்சம் குரலை உயர்த்தினேன். அவர் பலகையைக் காட்டினார், கேட்டி என்று சீனத்தில் எழுதியிருந்தது. மேஜையில் எல்லாரும் மீனையே பார்த்துக்கொண்டு சாப்பிட்டார்கள்.

சில மீனுக்கு எண்ணே இருக்காது, 'அன்றைய விலை' என்று மட்டும் போட்டிருப்பார்கள். அப்படியானால் எடை போட்ட பிறகு, மீன் அடுப்படிக்குப் போகும் முன், மொத்தம் எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். யாரும் கோபித்துக்கொள்வதில்லை. மேஜையில் கேட்காமலே வரும் டீக்கும் வேர்க்கடலைக்கும் பில்லில் காசு உண்டு. வேர்க்கடலை வேண்டாம் என்றால் வைத்த உடனே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நான் கொடுப்பதில்லை, நல்ல கடலை.

முழு மீன் என்றால் இஞ்சி, வெங்காயத்தாள் போட்டு ஆவியில் வேகவைக்கச் சொல்லுங்கள். நமக்குக் காரம் இல்லாமல் தொண்டையில் இறங்காது என்று நினைப்போம், ஆனால் உயிரோடு எடுத்த மீனுக்கு அது போதும். கணவாயை உப்பு மிளகு போட்டுப் பொரித்துத் தருவார்கள், அதற்கு விளக்கமே வேண்டாம். சோறு தனியாகக் கேட்க வேண்டும், 'பாக் ஃபான்' என்றால் வெள்ளைச் சோறு. அத்தை கைப்பையிலிருந்து எலுமிச்சை ஊறுகாய் டப்பாவை எடுத்து வைத்தார். பரிமாறிய பெண் ஒரு துண்டு வாங்கிச் சாப்பிட்டுப் பார்த்து, கண்ணீரோடு கட்டை விரலைக் காட்டிவிட்டுப் போனார்.

சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்கள் "நோ சிக் ஜாய்" என்று சொல்லுங்கள், நான் சைவம் என்று அர்த்தம். அதோடு நிற்காதீர்கள். கீரையை வதக்கிவிட்டு அதன் மேல் சிப்பிச் சாறு ஊற்றுவது இங்கே பழக்கம், அவர்கள் கணக்கில் அது வெறும் குழம்பு. "ம் யூ ஹோ யாவ்", சிப்பிச் சாறு வேண்டாம். இதைச் சீனத்தில் போனில் எழுதி வைத்துக் காட்டுவது இன்னும் நல்லது. என் உச்சரிப்பை நம்பி என் மாமனாருக்கு ஒருமுறை இறால் வந்தது.

இரவு தங்க யுங் ஷூ வானில் வாடகை அறைகள் உண்டு. வார இறுதியில் நிரம்பிவிடும், விலையும் ஏறும். ஒரு நாள் போதும் என்பது என் எண்ணம்.

சாப்பிட்டு எழும்போது போனில் எடுத்த படத்தைப் பாருங்கள். துறை இரண்டு நிமிட நடைதான், ஆனால் நடுவில் தொட்டிகள் இருக்கின்றன, கூட வந்தவர்கள் நிற்பார்கள். பத்து நிமிடம் முன்பே கிளப்புங்கள். ஏறியதும் இந்தத் தடவை வலது பக்கம் உட்காருங்கள், ஹாங்காங் தீவின் விளக்குகள் அந்தப் பக்கம்தான் வரும். அத்தை படகு கிளம்பின ஐந்தாவது நிமிடம் தூங்கிவிட்டார். கையில் கருவாட்டுப் பொட்டலம், மூன்று பிளாஸ்டிக் பை போட்டுச் சுற்றியும் வாசம் அடங்கவில்லை. வாங்கினால் நாலு பை போடுங்கள், மெட்ரோவில் எல்லாரும் திரும்பிப் பார்க்கிறார்கள்.